ட்ரையர் கன்ட்ரோலரை லேப்டாப்போடு இணைக்கப் போகிறீர்களா? பேனலைத் திறப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ராத்திரி ஷிஃப்டில், தேயிலையைக் காயவைக்கும் ட்ரையரின் சூடு திடீரென்று இறங்கும். காலையில் நான் போய் நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் என்னைப் பார்ப்பார், நான் மின் பேனலைப் பார்ப்பேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பேனலில் ட்ரையர் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை லேப்டாப்போடு இணைத்து இரவு முழுக்கச் சூட்டைப் பதிய வைத்தால் விஷயம் தெரிந்துவிடும் என்று ஆரம்பித்தேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தது 19 நாள் இழுத்தது. அதில் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டியது இரண்டு நாள்கூட இருக்காது. மீதியெல்லாம் தப்பான கேபிள், தப்பான வயர், தப்பான நாலு செட்டிங். உங்களுக்கு அந்த 19 நாள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப் வழியாக நீங்கள் கன்ட்ரோலரிடம் கேட்கத்தான் போகிறீர்கள், அதற்கு எதையும் சொல்லப் போவதில்லை. படிப்பது மட்டும், எழுதுவது கிடையாது. இலை வந்து குவிந்திருக்கும் நாளில் ஒரு தப்பான எண்ணை எழுதிவிட்டு ட்ரையரை நிறுத்தினால் என்ன பேச்சு வாங்குவீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1. லேபிளைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்

கன்ட்ரோலரின் பக்கவாட்டில் ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதைப் போனில் படம் எடுங்கள், மாடல் எண் முழுதாகத் தெரிய வேண்டும். முகப்பில் அச்சு அசல் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கன்ட்ரோலரில் ஒன்றில் கம்யூனிகேஷன், அதாவது வெளியே பேசும் வசதி, இருக்கும், இன்னொன்றில் இருக்காது. டெல்டா கம்பெனியின் டிடிஏ வரிசையை எடுத்துக்கொண்டால் ஆர்0 என்று முடிந்தால் கிடையாது, ஆர்1 என்று முடிந்தால் ஆர்எஸ்-485, அதாவது இரண்டு வயரில் பேசும் இணைப்பு, உண்டு. வித்தியாசம் அந்த ஒற்றை இலக்கம்தான். கம்யூனிகேஷன் இல்லாத கன்ட்ரோலரோடு எந்தக் கேபிளை வைத்தும் பேச முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும், அந்தச் செலவை முதலிலேயே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த மாடலின் மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்க விளம்பரத் தாள் போதாது. கம்யூனிகேஷன் என்று தனி அத்தியாயமும், எந்த முகவரியில் எந்த மதிப்பு இருக்கிறது என்ற அட்டவணையும் உள்ள மேனுவல் வேண்டும். அந்த அட்டவணையை மட்டும் பிரின்ட் எடுத்துப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

2. காகிதங்களும் அனுமதியும்

பேனல் இன்னும் வாரன்டியில் இருந்தால், நீங்கள் கை வைத்ததும் வாரன்டி போச்சு என்று சொல்லிவிடுவார்கள். பேனல் கொடுத்தவருக்கு, கம்யூனிகேஷன் டெர்மினலில் இரண்டு வயர் மட்டும் இணைக்கப் போகிறோம், புரோகிராமைத் தொட மாட்டோம் என்று ஒரு மெயில் போட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. கூடவே பேனல் டிராயிங், பிஎல்சி (மெஷினைப் புரோகிராம்படி ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்) இருந்தால் அதன் புரோகிராம் நகல், பாஸ்வேர்டு மூன்றையும் கேளுங்கள். பாஸ்வேர்டு தரத் தயங்குவார்கள், டிராயிங் தராமல் இருக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

மலைக்குக் கீழே இருந்து ஆள் வரவேண்டி வந்தால் ஒரு விஷயம்: 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், டிஎன்43 என்று நீலகிரியில் பதிந்த வண்டிக்கு வேண்டாம். எங்களுக்கு வந்த இன்ஜினியர் அது தெரியாமல் குஞ்சப்பனை செக்போஸ்டில் நின்றுகொண்டு, சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். முந்தின நாளே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எப்போது செய்வது? கொழுந்து அதிகம் வரும் ஏப்ரல், மே, ஜூனில் பேனலை நிறுத்திவைக்க யாரும் விடமாட்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பனி விழுந்து இலை குறையும் சமயம்தான் சரியான நேரம். அதிலும் இலை வராத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வயரைப் பேனலுக்குள் கொண்டுபோய் முடிக்க மெயினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் வேண்டும். அணைத்த பிறகும், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருக்கும் பேனலில் உடனே கை விடாதீர்கள். டிரைவின் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கச் சில நிமிடம் ஆகும், எத்தனை நிமிடம் என்று டிரைவின் மேலேயே எழுதியிருக்கும்.

3. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

முதல் பொருள், யூஎஸ்பியை ஆர்எஸ்-485 ஆக மாற்றும் கன்வர்ட்டர். 250 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 2000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. நான் 250 ரூபாயில் ஆரம்பித்தேன். மேஜை மேல் நன்றாக வேலை செய்தது. பேனலில் மாட்டி, பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனதும் லேப்டாப்பிலிருந்து காணாமல் போனது, பிடுங்கி மறுபடி சொருகினால்தான் வரும். ஐசொலேட்டட் என்று எழுதியிருக்கும் கன்வர்ட்டரில் லேப்டாப் பக்கமும் பேனல் பக்கமும் மின்சாரத்தால் ஒன்றையொன்று தொடாது. மலையில் நம் எர்த்திங் பாறைமேல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், இடியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே தொழிற்சாலையில் நிரந்தரமாக மாட்டுவதற்கு ஐசொலேட்டட் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். மலிவானதைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். அதையும் மாட்டும்போது லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

இரண்டாவது, கேபிள். இரண்டு வயரும் ஒன்றையொன்று முறுக்கி, மேலே ஷீல்டு என்ற உலோக உறை சுற்றியது. வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரை இழுக்காதீர்கள். ஆர்எஸ்-485 1200 மீட்டர் வரை போகும் என்பது உண்மை, ஆனால் அது நல்ல கேபிளுக்கு, மெதுவான வேகத்துக்கு. யூஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. எனவே கன்வர்ட்டர் லேப்டாப் பக்கத்தில் இருக்க வேண்டும், நீளத்தை 485 கேபிளில் காட்டுங்கள்.

பிஎல்சியோடு பேச வேண்டுமென்றால் தனிக் கேபிள் வேண்டும், பணம் வீணாகும் இடம் இதுதான். எட்டுப் பின் உள்ள உருண்டை சாக்கெட் பல பிஎல்சியில் இருக்கும். டெல்டா டிவிபியில் உள்ளது ஆர்எஸ்-232. மிட்சுபிஷி எஃப்எக்ஸில் உள்ளது ஆர்எஸ்-422. பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே மின்சாரமும் பின் வரிசையும் வேறு. 'உருண்டை பின் கேபிள் கொடுங்க' என்று கடையில் கேட்டு வாங்கி வந்தவன் நான். பிஎல்சியின் மாடல் எண்ணைச் சொல்லி, அந்த எண் கேபிளின் பெட்டியிலும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எனக்கு ஆன செலவு: ஐசொலேட்டட் கன்வர்ட்டர் 2100, ட்ரையரிலிருந்து ஆபீஸ் வரை 70 மீட்டர் கேபிள் 3150, ரெசிஸ்டர், லக், டை எல்லாம் 150. மொத்தம் 5400 ரூபாய். முதலில் வாங்கிய மலிவு கன்வர்ட்டர், தப்புக் கேபிள், இரண்டு தடவை கோயமுத்தூர் போய் வந்தது எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. லேப்டாப் பழையது போதும், பேட்டரி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. முதலில் மேஜை மேல் ஒன்றோடு பேசுங்கள்

ஸ்பேர் கன்ட்ரோலர் ஒன்று இருந்தால் அதை மேஜையில் வைத்துக் கரன்ட் கொடுங்கள், அரை மீட்டர் வயரில் கன்வர்ட்டரோடு இணையுங்கள். வயரில் கோளாறு வர வாய்ப்பில்லாத தூரம். இங்கே பேசவில்லை என்றால் செட்டிங்கில் தப்பு. இங்கே பேசி, பேனலில் பேசவில்லை என்றால் வயரில் தப்பு. இதைப் பிரிக்காமல் நேரே 70 மீட்டர் கேபிளை இழுத்துவிட்டு எங்கே தப்பு என்று தெரியாமல் ஒரு வாரம் சுற்றினேன்.

பொருந்த வேண்டியது நாலு விஷயம். வேகம், பிட்டும் பாரிட்டியும் (பாரிட்டி என்பது தப்பைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்), பேசும் முறை, கன்ட்ரோலரின் முகவரி. நாலில் ஒன்று பிசகினாலும் கன்ட்ரோலர் வாயைத் திறக்காது. தப்பு என்றுகூடச் சொல்லாது.

வேகம் பெரும்பாலும் 9600. இந்தக் கன்ட்ரோலர்கள் பேசும் மொழிக்கு மாட்பஸ் என்று பெயர். அதில் பேசும் முறை இரண்டு, ஆர்டியூ, ஆஸ்கி. ஆர்டியூவுக்கு 8 பிட் கட்டாயம், 7 பிட்டில் அது எந்தக் காலத்திலும் வேலை செய்யாது. டெல்டா கன்ட்ரோலர்கள் பலவும் பெட்டியிலிருந்து வரும்போது 9600, 7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட், ஆஸ்கி என்று இருக்கும். க்யூமாட்மாஸ்டர் என்ற இலவச சாஃப்ட்வேர் இந்த மாதிரி வயரில் ஆர்டியூவைத்தான் பேசும், ஆஸ்கி பேசாது. இவை இரண்டையும் வைத்துக்கொண்டு நான் நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். கன்ட்ரோலரின் முன்பக்கப் பட்டனை அழுத்திப் போய் ஆர்டியூ, 8 பிட் என்று மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாராமீட்டரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி 1 முதல் 247 வரை எதுவும் இருக்கலாம், ஒரே கேபிளில் இரண்டு கன்ட்ரோலருக்கு ஒரே முகவரி மட்டும் கூடாது.

லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கன்வர்ட்டருக்கு அது கொடுத்திருக்கும் காம் போர்ட் எண் எத்தனை என்று பாருங்கள். அங்கே மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் டிரைவர் சரியில்லை, மேற்கொண்டு எதையும் முயற்சி செய்ய வேண்டாம். கன்வர்ட்டரை வேறு யூஎஸ்பி ஓட்டையில் சொருகினால் இந்த எண் மாறிவிடக்கூடும், அதனால் ஒரே ஓட்டையை வைத்துக்கொண்டு அதன்மேல் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

5. வயர் இழுப்பது

கன்ட்ரோலரிலிருந்து கன்ட்ரோலருக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு பக்கமும் கிளை விடாதீர்கள். மோட்டார் கேபிள் போகும் ட்ரேயில் சேர்த்துக் கட்டாதீர்கள், ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகத் தாண்டட்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

சங்கிலியின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஏ, பி என்று பெயரிட்ட இரண்டு வயருக்கும் நடுவில். நடுவில் உள்ள கன்ட்ரோலர்களுக்கு வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மல்டிமீட்டரை இரண்டு வயரிலும் வைத்தால் 60 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடி விட்டுப்போயிருக்கிறது, அல்லது கேபிள் எங்கேயோ அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள், சில கன்வர்ட்டரின் உள்ளேயே ஒன்று இருக்கும். இந்த ஒரு நிமிடச் சோதனை எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

ஏப்ரல், மே கோடை மழையிலும் அக்டோபர், நவம்பரிலும் இடி இடிக்க ஆரம்பித்தால் கன்வர்ட்டர் பக்க பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லி ஷிஃப்ட் ஆளிடம் சொல்லிவையுங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் கேபிள் போகும் இடமென்றால் இது கட்டாயம்.

6. பதிலே வராவிட்டால்

கன்வர்ட்டரில் இரண்டு சின்ன விளக்கு இருக்கும். அனுப்பும் விளக்கு மின்னுகிறது, வாங்கும் விளக்கு மின்னவில்லை என்றால் கேள்வி போகிறது, பதில் இல்லை. முதலில் ஏ, பி இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏ எது, பி எது என்பதில் கம்பெனிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது, மாற்றிப் போடுவதால் எதுவும் எரியாது. அப்போதும் இல்லையென்றால் முகவரி, வேகம், பாரிட்டி, இந்த வரிசையில்.

டைம்அவுட் என்று வந்தால் பதில் இல்லை என்று அர்த்தம். சிஆர்சி எரர் என்றால் ஏதோ வருகிறது, உடைந்து வருகிறது. இரைச்சல், அல்லது வேகம் பொருந்தவில்லை, அல்லது இரண்டு கன்ட்ரோலர் ஒரே முகவரியில் சேர்ந்து பேசுகின்றன. இல்லீகல் டேட்டா அட்ரஸ் என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். வயர் சரி, நாலு செட்டிங்கும் சரி, கன்ட்ரோலர் உங்களோடு பேசுகிறது, நீங்கள் கேட்ட மதிப்பின் முகவரிதான் அதனிடம் இல்லை. இதைப் பார்த்துவிட்டு வயரைப் பிடுங்கி முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் உண்டு.

7. எண் வருகிறது, ஆனால் பொருந்தவில்லை

நான் 130 டிகிரியை எதிர்பார்த்தேன், 1304 என்று வந்தது. பத்தால் வகுக்க வேண்டும், கன்ட்ரோலர் தசமத்தைப் புள்ளி இல்லாமல் அனுப்புகிறது, அவ்வளவுதான். சூட்டைக் கேட்டால் செட் பண்ணிய மதிப்பு அசையாமல் வந்துகொண்டிருந்தால் மதிப்பின் முகவரி ஒன்று தள்ளிவிட்டது. மேனுவல் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும், சில சாஃப்ட்வேர் ஒன்றிலிருந்து எண்ணும். டெல்டா டிடிபி கன்ட்ரோலரில் சூடு ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்ணில், 1000-இல் இருக்கிறது, அதாவது நம் எண்ணில் 4096. ஒன்றிலிருந்து எண்ணும் சாஃப்ட்வேரில் 4097 என்று கொடுக்க வேண்டும். எது சரி என்று குழம்பினால் கன்ட்ரோலரின் முகப்பில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும்.

சாஃப்ட்வேரில் கொடுக்க வேண்டிய கட்டளை எண், படிப்பதற்கு ஃபங்ஷன் 03. சாஃப்ட்வேரில் 06, 16 என்று இருப்பவை எழுதுவதற்கு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

8. பிஎல்சி என்றால் ஒரு எச்சரிக்கை

அப்லோடு என்றால் பிஎல்சியிலிருந்து லேப்டாப்புக்கு. டவுன்லோடு என்றால் லேப்டாப்பிலிருந்து பிஎல்சிக்கு. நாம் போனில் பழகியதற்கு நேர் தலைகீழ். 'புரோகிராமை டவுன்லோடு பண்ணி வச்சுக்கலாம்' என்று நினைத்து அந்தப் பட்டனை அழுத்தினால், லேப்டாப்பில் இருக்கும் காலிப் புரோகிராம் போய் பிஎல்சியில் ஓடுவதை அழித்துவிடும். கேள்வி கேட்கும் பெட்டி ஒன்று வரும், அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இரண்டு தடவை படியுங்கள். பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து அவரையும் படிக்கச் சொல்வது என் வழக்கம்.

டெல்டா டிவிபிக்கான டபிள்யூபிஎல்சாஃப்ட் இலவசம். சீமென்ஸ் எஸ்7-1200க்கு டிஐஏ போர்ட்டல் வேண்டும், லைசென்ஸுக்குப் பணம், 21 நாள் சோதனைக்குக் கிடைக்கும். ஈதர்நெட் உள்ள பிஎல்சி என்றால் லேப்டாப்பின் ஐபியை அதே வரிசையில் கையால் கொடுங்கள், பிஎல்சி 192.168.1.5 என்றால் நீங்கள் 192.168.1.100 என்பதுபோல். வைஃபையை அணைத்துவிடுங்கள், அதுவும் அதே வரிசையில் இருந்தால் லேப்டாப் குழம்பும்.

9. பதிவு செய்வதும், என் ட்ரையருக்கு என்ன ஆயிற்று என்பதும்

மாட்பஸ் போல் என்ற சாஃப்ட்வேர் தானாகவே ஃபைலில் பதியும், பணம் கட்டி வாங்க வேண்டும், 30 நாள் சோதனைக்குக் கிடைக்கும். பைத்தான் தெரிந்த பையன் யாராவது இருந்தால் மினிமல்மாட்பஸ் என்ற பைத்தான் லைப்ரரியை வைத்து இருபது வரியில் எழுதிக் கொடுப்பான். எதுவாக இருந்தாலும் லேப்டாப்பின் ஸ்லீப்பை நிறுத்துங்கள், கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், விண்டோஸ் அப்டேட் நடுராத்திரியில் ரீஸ்டார்ட் பண்ணாதபடி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை எக்செல்லில் திறக்காதீர்கள். எக்செல் அதைப் பூட்டிக்கொள்ளும், பதிவு அங்கேயே நிற்கும். நகல் எடுத்துத் திறங்கள். எங்கள் மேனேஜர் ஆசையாகத் திறந்து பார்த்த இரவில் எனக்கு ஐந்து மணி நேரப் பதிவு போயிற்று, யாரிடம் சொல்வது!

10 நொடிக்கு ஒரு தடவை என்றால் நாளுக்கு 8640 வரி. சூடு மெதுவாக ஏறி இறங்குவது, இது தாராளம் என்று நினைத்தேன். மூன்று இரவு பதிந்தும், சூடு இறங்குவது தெரிந்ததே தவிர ஏன் என்று தெரியவில்லை. பிறகு 1 நொடிக்கு மாற்றினேன். நாளுக்கு 86,400 வரி, எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிதான் எடுக்கும் என்பதால் தினம் ஒரு புது ஃபைல். நான்காம் இரவு, 2 மணி 41 நிமிடத்தில், 128.6, 128.7 என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் மூன்று வரி மட்டும் மைனஸ் 3276.5. அடுத்த வரியில் மறுபடி 128.7.

மைனஸ் மூவாயிரம் டிகிரி உலகத்தில் எங்கும் கிடையாது. மேனுவலின் அட்டவணையில் பார்த்தால் சென்சார் இணைப்பு இல்லை என்பதற்கு ஹெக்ஸில் 8003 என்று ஒரு குறி. அதைச் சாதாரண எண்ணாக எடுத்துப் பத்தால் வகுத்தால் இதேதான் வரும். ஆக மூன்று நொடி சென்சார் விட்டுப் போயிருக்கிறது. கன்ட்ரோலர் உடனே அடுப்புக்குக் காற்றுத் தள்ளும் ஃபேனை நிறுத்தியிருக்கிறது. சென்சார் திரும்பி வந்தாலும் பேனலில் உள்ள டைமர் ஃபேனை 5 நிமிடம் கழித்துத்தான் விடும். அதற்குள் சூடு இறங்கி, இலை காயாமல் தன் ஈரத்திலேயே ட்ரையரில் வெந்துபோகிறது. முகப்பைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாலும் அந்த மூன்று நொடியைப் பிடிக்க முடியாது.

ட்ரையர் மேல் இருந்த சென்சார் ஹெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது, ஓயாத அதிர்வில். இறுக்கி, ஸ்பிரிங் வாஷர் போட்டேன். அதற்குப் பிறகு பத்து இரவு 1 நொடியிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு மைனஸும் இல்லை. இப்போது 10 நொடிக்குத் திருப்பி வைத்திருக்கிறேன்.

டீமேக்கர், இலையை வாட வைக்கும் வாடல் தொட்டிகளின் சூடும் ஈரமும்கூட வேண்டும் என்கிறார். அதற்கு இன்னும் 40 மீட்டர் கேபிள் வேண்டும், அங்கே இருக்கும் மீட்டரில் 485 இருக்கிறதா என்று நாளைக்கு லேபிளைப் பார்க்க வேண்டும்.